உண்மையான மொழிபெயர்ப்பென உறுதிப்படுத்துகிறேன்

கல்முனை நீதிமன்றத்துக்கு எதிரே
போட்டோ கொப்பிக் கடையின் மேல்மாடியில்
எனக்கொரு மேசை, ஒரு முத்திரை.
பக்கத்துக்கு அறுநூறு ரூபா.
காணி உறுதி, பிறப்பத்தாட்சி, விவாகரத்து,
எல்லாம் சிங்களத்திலிருந்து தமிழுக்கு.

இன்றைக்கு ஒரு பொலிஸ் அறிக்கை.
பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை.
சந்தேகநபர் நப்ரீஸ், வயது இருபத்திரண்டு.
பென் டிரைவ் நாற்பத்தாறு, ஹார்ட் டிஸ்க் ஒன்று.
"உரிமையாளரின் அனுமதியின்றிப் பிரதிசெய்து
விற்பனைக்கு வைத்திருந்தமை."
அனுமதியின்றி என்ற சொல்லை
இரண்டு தரம் பிழையாக அடித்தேன்.

சான்றுப்பொருள் பதினொன்றில்
கோப்புகளின் பெயரையெல்லாம் கையால் எழுதியிருந்தார்
பொறுமையான யாரோ ஒரு சார்ஜன்ட்.
மழைக்காரி, பாகம் ஏழு. தமிழ் வரிகள்: ஆலா.

ஆலா நான்தான்.

இரவு டேட்டா பன்னிரண்டுக்குத்தான் தொடங்கும்.
ஜப்பானியம் எனக்குக் காதால் வந்தது, அதுவும் பாதி.
ஏழாம் பாகத்தில் அந்தப் பிள்ளை
சப்பாத்தை மாட்டிக்கொண்டு கதவடியில் நின்று
ஒரு சொல் சொல்வாள்.
ஆங்கிலம் அதை "பை" என்று முடித்திருந்தது.
நாலு தரம் பின்னுக்கு இழுத்துக் கேட்டேன்.
போயிட்டு வாறன்.
அதேதான். போவதும் வருவதும் ஒரே மூச்சில்.
எங்களிடமும் 'போறன்' என்று ஆரும் சொல்வதில்லையே.
அந்த ஒரு வரிக்காக விடியும்வரை குந்தியிருந்தேன்.
என்னுடைய வரி என்றுதான் நினைத்தேன்.

அந்த மழையை ஆரோ கீறியிருக்கிறார்கள்.
துளி துளியாக, மணிக்கட்டு வீங்க.
அவர்களுக்கும் தாளுக்கு இவ்வளவு என்றுதான் கூலி இருக்கும்.
அவர்களிடம் நான் கேட்கவில்லை.
கேட்டாலும் பதில் வந்திராது என்பது
கேளாமல் எடுத்ததற்கு நியாயம் இல்லை,
நேற்றுப் பட்டம் எடுத்த சட்டத்தரணிக்கும் இது தெரியும்.
காசு கட்டிப் பார்க்கவும் முயன்றேன், சத்தியமாக.
உங்கள் நாட்டில் கிடைக்காது என்றது திரை.
அதையாவது தமிழில் சொல்லியிருக்கலாம்.

தொடக்கத்தில் வெள்ளை எழுத்தில் போட்டிருந்தேன்:
இலவசம். விற்க வேண்டாம்.
நப்ரீஸ் அதை வெட்டி எறிந்துவிட்டு
நூற்றைம்பது ரூபாய்க்கு விற்றிருக்கிறான்.
கோபம் வந்தது,
வீட்டுக்குள் கள்ளன் புகுந்தவளின் கோபம்.
மறுகா சிரிப்பு.
மறுகா முத்திரை மையைத் தேடினேன்,
அது முன்னாலேயே இருந்தது.

கீழே தேத்தண்ணிக் கடையில் அதே சார்ஜன்ட்.
"மிஸ், ஆலா கியன்னே மொகத்த?"
ஒரு குருவி என்றேன். கடலுக்கு மேலால் பறக்கும்.
மீனை ஆரிடமும் கேட்டு எடுக்காது.
தலையாட்டினார். குறிப்புப் புத்தகத்தைத் தொடவில்லை.
பணிஸைத் தேத்தண்ணியில் தோய்த்தார்.

பின்னேரம் நப்ரீஸின் ராத்தா வந்தாள்.
"இதுக்கு எத்தின மாசம் போடுவாங்க?"
நான் மொழிபெயர்க்கிறவள் மட்டும், என்றேன்.
புலமைச் சொத்து என்ற சொல்லில் விரலை வைத்து
"இதென்ன சொத்து, காணியா?" என்றாள்.
காணி மாதிரித்தான், என்றேன். வேலி தெரியாது.

இரண்டு பக்கம். ஆயிரத்து இருநூறு.
எண்ணி வைத்தாள்,
எல்லாம் நூறும் ஐம்பதுமாக, கடைக் கல்லாவில் கிடந்த தாள்கள்.
வாங்கிக்கொண்டேன்.
என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை
உண்மையானது என்று ஒப்பமிட்டேன், முழுப்பெயரில்.

எட்டாம் பாகம் மடிகணினியில் கிடக்கிறது.
முந்நூற்றுப் பன்னிரண்டு வரி,
நேரம் மட்டும் குறித்தபடி,
வாய்கள் திறந்து மூடிக்கொண்டு.