முன்சீட்டுக் கணக்கு

விரலை வானத்துக்குக் காட்டினால் ஜோஹன்னஸ்பர்க்.
மண்ணுக்குக் காட்டினால் பக்கத்துத் தெரு.
உள்ளங்கையில் இல்லாத பழத்தை ஏந்தினால்
ஆரஞ்ச் ஃபார்ம்.
இதற்கெல்லாம் பலகை கிடையாது.
பலகை இருப்பது அரசுப் பேருந்துக்கு:
ஒன்பது மணி என்கிறது,
எந்த ஒன்பது என்று சொல்லவில்லை.

வண்டி மசெகோவின் மைத்துனனுடையது.
வழித்தடம் சங்கத்துடையது.
தள்ள வேண்டி வந்தால் எங்களுடையது.

இன்றைக்கு எனக்கு முன்சீட்டு.
அங்கே உட்கார்ந்தால் கணக்குப்பிள்ளை, அது வழக்கம்.
பகலில் வங்கியில் தரை துடைக்கிறேன்;
விடியுமுன் இந்த வேனில்
பதினைந்து பேரின் காசு என் மடியில்.

ஆளுக்குப் பதினெட்டு ராண்ட்.
தோள் தட்டித் தோள் தட்டி வருகிறது.
"நடு வரிசை, மூன்று பேர்,
ஐம்பதும் ஓர் ஐந்தும்."
மீதி ஒரு ராண்ட் கைமாறிக் கைமாறிப் போகிறது,
வழியில் எந்தக் கையிலும் ஒட்டாமல்.
கடைசி வரிசையிலிருந்து ஒரு நூறு:
"ஐந்து பேர்."
பத்தைத் திருப்பினேன்.

கூட்டினேன். இருநூற்று எண்பத்தெட்டு.
பதினெட்டு அதிகம்.

மசெகோ கண்ணாடியில் பார்த்தார்.
கடைசி வரிசையில் நாலே பேர்:
காதில் பாட்டோடு ஒரு மாணவன்,
சிமெண்ட் காய்ந்த பூட்ஸோடு இருவர்,
ஜன்னலோரம் கெலெபோகிலே அம்மா,
தோளில் ஊக்கு குத்திய கறுப்புத் துணி.

"குறைந்தால் வண்டியை நிறுத்துவேன்.
கூடினால் என்ன செய்ய?"
யாரிடம் கேட்டாரோ.

பதினெட்டைப் பின்னால் அனுப்பினேன்.
வரிசை வரிசையாகப் போய்
வரிசை வரிசையாகத் திரும்பி வந்தது,
வீடு பூட்டியிருந்த கடிதம் போல.
சில்லறை சூடாக இருந்தது.
அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்;
வெளியே இன்னும் இருட்டு.

டாஷ்போர்டில் வைத்தேன்.
ஒவ்வொரு திருப்பத்திலும்
இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்
ஓடிக்கொண்டிருந்தது.

"ரோபோ தாண்டி நிறுத்துங்க."
இங்கே சிக்னலுக்கு ரோபோ என்று பேர்.
ஜூன் மாதம் வரை அதை
ஓர் ஆண்குரல்தான் சொல்லும்.

மாணவன் எழுந்து வழிவிட்டான். அவள் இறங்கினாள்.
இழுவைக் கதவை உடனே விடவில்லை.
இன்னொருவர் இறங்கும் நேரம்
பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாவு ஊர்வலத்துக்கும் ஹாரன் அடிக்கிற மசெகோ
ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டார்.