ஐந்தாம் வலயம்

மைனஸ் முப்பத்தொன்று.
வினிபெக் தெருவில் கார்களெல்லாம்
வீட்டுச் சுவரில் வயரைச் செருகிக்கொண்டு
கட்டிப்போட்ட மாடுகளாய் நிற்கின்றன.
பேஸ்மென்டில் நான்.
மூன்று பால் பெட்டி நிறைய
இருநூற்றுப் பதினாறு டிவிடி.
புதுக் கணினிக்கு வட்டு விழுங்க வாயில்லை.
முப்பத்தெட்டு டொலருக்கு
தனியாக ஒரு வாய் வாங்கிவந்தேன்.

முதல் வட்டை ஊட்டியதும் கேட்டது:
இது ஐந்தாம் வலயத்து வட்டு.
நீ இருப்பது முதலாம் வலயம்.
மாறலாமா?
மாறினால் இன்னும் நான்கு தடவைதான் மீதம்.
அதன் பிறகு
கடைசியாய் நின்ற இடமே நிரந்தரம்.

குடிவரவு அதிகாரிகூட
இவ்வளவு தெளிவாய் எனக்குச் சொன்னதில்லை.
ஆம் என்று அழுத்தினேன்.

ஒரு படத்துக்கு நாற்பது நிமிடம்.
நீலப் பட்டை ஊர்கிறது.
கதாநாயகியின் கண்ணீருக்குக் கீழே
ஸ்காபரோக் கடையின் விளம்பரம் ஓடுகிறது:
ஆட்டிறைச்சி இறாத்தல் மூன்று தொண்ணூற்றொன்பது,
வீட்டுக் கடன், திருமண மண்டபம்,
வாகன விபத்தா, உடனே அழையுங்கள்.
கடை மூடிப் பத்து வருடம்.
அந்த விலையையும் விடாமல்
பிரதி எடுக்கிறது இயந்திரம்.

சில உறைக்குள் வேறு படம்.
சில உறைக்குள் காற்று.
கீறல் விழுந்த ஒன்று எழுபத்தொரு வீதத்தில் நின்று செருமியது.
பற்பசை தடவித் துடைத்துப் போட்டேன்.
வில்லன் உயிர் பிழைத்து
எண்பத்துமூன்றில் மறுபடி விழுந்தான்.
போகட்டும்.

பிறகு, மார்க்கர் பேனாவில்
'ஆரூரன் 5' என்று என் கையெழுத்து.

கேக். மெழுகுதிரியை ஊதச் சொன்னால்
எச்சில் தெறிக்கச் சிரிக்கும் பிள்ளை.
மைத்துனன் நிமலரூபன்
கமராவை மேசையில் வைத்துவிட்டு
அணைக்க மறந்து சாப்பிடப் போயிருக்கிறான்.
பதினொரு நிமிடத்துக்கு
ஒரு கதிரைக் கால்,
யாரோ மிதித்த பிளாஸ்டிக் கரண்டி.
குசினிக்குள்ளிருந்து இரண்டு குரல்.

"வேலை அங்கதான் கிடைச்சிருக்கு."
"எத்தனை தரம் சட்டிபானை தூக்கிறது?"
"இதுதான் கடைசி."
"போன தரமும் இதைத்தான் சொன்னனீங்கள்."
தண்ணீர்க் குழாய். பாத்திரம் ஒன்று.
"நான் வரேல்ல எண்டால்?"

அப்போது யாரோ உள்ளே வந்து
ஐஸ்கட்டி இருக்கா என்று கேட்கிறார்.
வட்டு முடிகிறது.

மென்பொருளில் எல்லாத்துக்கும் வழியுண்டு.
தொடக்கம் எது, முடிவு எது
நீயே குறித்துக்கொள்ளலாம்.
கேக்கோடு நிறுத்திவிட்டால்
கோப்பும் சிறிதாகும்,
ஒரு குறையும் தெரியாது.
கத்தரிக்கோல் படத்தின் மேல்
சுட்டியைக் கொண்டுபோய் வைத்தேன்.

படிக்கட்டில் சுகிர்தா.
இடுப்பில் உடுப்புக் கூடை.
எப்போது வந்து நின்றாளோ.

"கொஞ்சம் பின்னால கொண்டுபோங்கோ."
கொண்டுபோனேன்.
கரண்டி. கதிரைக் கால்.
நான் வரேல்ல எண்டால்?

"இதுக்கு நீங்கள் பதிலே சொல்லேல்ல, தெரியுமோ?"
"ஐஸ் கேட்டு ஆள் வந்திட்டுது."
"பதினஞ்சு வருசமாவோ ஐஸ் எடுக்கிறீங்கள்?"

சிரிப்பதா என்று தெரியவில்லை.
அவளும் சிரிக்கவில்லை,
ஆனால் கூடையை இறக்கிவிட்டு
இரண்டாம் பால் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.
கணினி பெயர் கேட்டது.
எட்டி அவளே தட்டினாள்:
ஆரூரன் 5, முழுவதும்.

வாயைத் திறந்தேன்.
மூலையில் ஃபர்னஸ் விழித்து உறுமத் தொடங்கியது,
சொல்ல வந்தது எனக்கே கேட்கவில்லை.

அவள் எழுந்துபோனாள்,
அதன் பக்கவாட்டில் இருந்த
சிவப்புச் சுவிட்சை அணைத்தாள்.
மைனஸ் முப்பத்தொன்றில்.
திரும்பி வந்து அதே பெட்டியில் உட்கார்ந்து
சொல்லுங்கோ என்றாள்.