வாய் திறந்திருக்கையில்

பத்தொன்பது வருடமாக
வாய் திறந்திருப்பவர்களிடமே கேள்வி கேட்கிறேன்.
எத்தனை மீன் கிடைத்தது, யார் வீட்டுக் கல்யாணம்,
முதுகுவலி தேவலையா.
ஆ என்பார்கள், ஓ என்பார்கள், சிலர் ஈ.
என் விரல் நாக்கை அமுக்கியிருக்கும் வரை
உயிரெழுத்து மட்டுமே புழங்கும்.
மெய் எல்லாம்
எழுந்து உட்கார்ந்து, கொப்பளித்துத் துப்பிய பிறகுதான்.

டெவில்ஸ் லேக்கில் ஜனவரி.
ஏரிமேல் டிரக் ஓட்டலாம்.
பனிக்கட்டியில் துளை போட்டுத் தூண்டில் விட்டு
கீழே என்ன இருக்கிறதென்று தெரியாமலே
மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது.

வெர்லின் ஹாகெனும் அப்படித்தான் உட்கார்ந்தார்.
ஐம்பத்திரண்டு வயது, சூரியகாந்தி விவசாயி.
புகை கிடையாது. ஞாயிறு தவறாத தேவாலயம்.
பல் சுத்தம் செய்யத்தான் வந்தார்.
தாடைக்குக் கீழே வழக்கம்போலத் தடவினேன்,
கோலிக்குண்டு அளவு.
வலிக்கவில்லை என்றார்.
வலிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நாக்கின் அடிவேரில் இருந்தது,
என் கண்ணாடி எட்டாத இடம்.
ஃபார்கோவில் முப்பத்தைந்து நாள் கதிர்வீச்சு.
அதற்கு முன்னால் கடைவாய்ப் பல் நான்கைப் பிடுங்கினோம்;
உறிஞ்சுகுழாயை நான்தான் பிடித்திருந்தேன்.

இப்போது எச்சில் ஊறுவதில்லை அவருக்கு.
‘ச’ வருவதில்லை. ‘ல’ பாதி வழியில் நின்றுவிடும்.
ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மிடறு தண்ணீர்.
காகித டம்ளரை உருட்டிக்கொண்டே கேட்டார்:
இதுக்குத் தடுப்பூசி உண்டாமே?
உங்கள் வயதுக்கு அது தாமதமாக வந்தது, வெர்லின்.
என் பையன்களுக்கு?

இரண்டு பையன்களும்
இதே நாற்காலியில் வளர்ந்தவர்கள்.
ஃப்ளோரைடு பற்றி எவ்வளவு பேசியிருக்கிறேன் அவர்களிடம்.

டாக்டர் ட்வெய்ட் சொன்னார்:
ஃப்ளோரைடு மாதிரியே சொல், குரலைத் தாழ்த்தாதே,
தாழ்த்தினால் ரகசியமாகிவிடும்.
மறுநாள் காலை எஞ்சின் சூடாகும் வரை
ஸ்டியரிங்கிடம் சொல்லிப் பார்த்தேன்.
எச்.பி.வி. எச்.பி.வி.
கண்ணாடி முழுக்க என் மூச்சு படிந்தது.

கோல்டருக்குப் பதினொன்று.
மூலையில் அவன் அம்மா பிரைனா, கோட்டைக் கழற்றாமல்.
சொத்தை ஒன்றுமில்லை என்றேன்,
அடுத்த கடைவாய்ப் பல் ஈறுக்குள் தயாராகிறது,
தொண்டைப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசிக்கும் இதுதான் வயது,
இரண்டு தவணை, எதிர்வாடை கிளினிக்கில் போடுவார்கள்.
ஒரே மூச்சு. குரல் தாழவில்லை.

அது பெண்பிள்ளைகளுக்கு அல்லவா?
தொண்டை எல்லோருக்கும் இருக்கிறதே.
அவனுக்குப் பதினொன்றுதான்!
அதனால்தான்.
பல்லுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

உறிஞ்சுகுழாய் உஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது.
வெர்லின் பெயரைச் சொல்ல முடியாது.
சொல்லாமல் சொன்னாலும் தெரிந்துவிடும், சின்ன ஊர்.
நான் தினமும் பார்க்கும் இடத்துக்கு
இரண்டு விரற்கடை கீழே வருகிறது, என்றேன்.
அவ்வளவுதான் சம்பந்தம்.

சீட்டை வாங்கி மீன்பிடி உரிமத்தோடு செருகினாள்.
அவன் அப்பாவிடம் கேட்கிறேன் என்றாள்.
கதவு திறந்தபோது
உள்ளே கொஞ்சம் பனி வந்து விழுந்தது.

ஜூலை. ஏரியில் படகுகள்.
கணினியில், ஃப்ளோரைடுக்குக் கீழே
நானாகச் சேர்த்த கட்டம் இன்னும் காலி.
பிரைனா வெளியே போனில்.
கோல்டரின் காலணி
நாற்காலி விளிம்பைத் தாண்டியிருந்தது.
ஊசி போட்டாயா? என்றேன்,
விரல் அவன் வாய்க்குள் இருப்பதை மறந்து.

ஆஆ, என்றான்.

ஆமாம் என்பதன் ஆ-வா,
ஆகவில்லை என்பதன் ஆ-வா.

விரலை எடுத்துவிட்டேன்.
ஈரக் கையுறையோடு
மெய் வரட்டும் என்று நிற்கிறேன்.