தொண்ணூற்றிரண்டு

கங்கைகொண்டான் கம்பெனி மேசையை
வரைந்தவன் யாரோ,
என்னைவிட ஒரு சாண் உயரம்.
எட்டு மணி நேரமும்
அவன் தோள் இருக்கும் இடத்துக்கு
என் தோளைத் தூக்கியே நின்றேன்.

தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்து ஏறினால்
சூப்பர்வைசர் காலால் தள்ளினார்:
"விழுந்து தொலச்சா யாரு பதில் சொல்லுவா?"

பெறவு டேப்போடு ஒருத்தி வந்தாள்.
முழங்கையிலிருந்து தரைக்கு அளந்து
நோட்டில் எழுதினாள்:
முப்பிடாதி, தொண்ணூற்றிரண்டு.
ஜாக்கெட்டுக்கு அல்லாமல்
என்னை யாரும் அளந்ததில்லை.

இப்போது மேசைக்கு ஒரு கைப்பிடி.
நான் சுற்றி இறக்குவேன்.
நைட் ஷிஃப்ட் சுடலைக்கண்ணு
சுற்றி ஏற்றிக்கொள்வான்.
விடிந்து வந்தால்
ஆள் போன பிறகும்
அவன் உயரம் அங்கே நிற்கும்.

வீட்டில்,
கொத்தனார் தன் இடுப்புக்குக் கட்டிய அடுப்பு மேடை.
தோசை திருப்ப எக்குகையில்
இடது கை தன்னால்
கீழே துழாவுகிறது.