மூணாவது மரம்

அருமனைக்கு மேற்கே ரப்பர் விளைக்குள்ளே
ஓட்டு வீட்டின் பின்னறைதான் எனக்கு ஆபீஸ்.

ராத்திரி எட்டு மணிக்கு
ஆன்சிக்குச் சாளையில் முள்ளெடுத்துக் கொடுத்த கையைக்
கழுவிவிட்டு வந்து
கடலுக்கு அந்தப் பக்கத்து ஆட்களின் நோவுகளைத் திறக்கிறேன்.
ஒருவர் ஏணியிலிருந்து விழுந்திருக்கிறார்.
ஒருவரைச் சொந்த நாயே கடித்திருக்கிறது.
எல்லாவற்றுக்கும் எண் உண்டு.
விழுந்தது அடுக்களையிலா குளியலறையிலா
அதற்கும் தனியாக ஓர் எண்.
நான் எண்ணைப் போட்டால்
அவர்களுக்குக் காப்பீட்டுப் பணம் போகும்.
எனக்கு ஒரு ராத்திரிக்கு நூற்றுப்பத்து கோப்பு.

ஏழாவது மாதம் என் கழுத்துக்கு வந்தது
எம் ஐம்பத்து நான்கு புள்ளி இரண்டு.
சந்தையில் எதிரே வரும் சொந்தக்காரியைப் போல
தூரத்திலேயே தெரிந்துவிட்டது எனக்கு.
தெரியாததுபோல் திரும்பிக்கொண்டேன்.
அவள் விடவில்லை.

நாற்காலி என்று தனியாக ஒன்றுமில்லை.
ஆன்சியின் புதுநன்மைக்கு வாங்கின பிளாஸ்டிக் கசேரை
உயரம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு.
இப்போது கால் தரையைத் தொடவில்லை.
ஜெஸ்டின் பார்த்துக்கொண்டே நின்றான்,
பிறகு பால் உறையவைக்கும் டிஷ்ஷில்
நசுங்கின மூன்றைக் கவிழ்த்து அடுக்கி
"இதில சவுட்டிக்கோ" என்றான்.

கம்பெனி ஒரு படம் அனுப்பியிருந்தது.
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை
இருபதடி தள்ளி இருக்கும் ஏதாவது ஒன்றை
இருபது நொடி பார்க்க வேண்டுமாம்.
படத்தில் இருந்த பெண்ணுக்குச் சன்னலில் பகல் இருந்தது.
எனக்கு இருட்டு.
ஜெஸ்டின் காலடியால் அளந்து
"மூணாவது மரம்" என்று சொல்லி
பால் வடியும் சிரட்டைக்கு மேலே
பழைய சிடி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டான்.
என் திரையின் வெளிச்சம் போய்
அதில் பட்டுத் திரும்பும்.
பார்த்தேன், முதல் வாரம்.

ஐப்பசி. மணி ஒன்றேகால்.
மழை ஓட்டை உடைக்கிறது.
மூலையில் ஒழுகின தண்ணீர்
தரையோடு தரையாக எக்ஸ்டென்ஷன் போர்டைத் தேடி வருகிறது.
காதில் சென்னையிலிருந்து விபின்:
"பெனிலா, இருபத்தாறு பெண்டிங்.
யூபிஎஸ் இருக்குல்ல?"
ஒரு மின்னல்.
அதற்கும் எண் எனக்குத் தெரியும்.

கூலிக்கான வேலையில் நடந்ததா என்று
ஓர் எண் கேட்கும்.
சொந்த வீட்டில் நடந்ததா என்று
இன்னோர் எண் கேட்கும்.
இரண்டுக்கும் ஆமாம் என்றால்
எனக்க கோப்பை யார் திறப்பார்கள்,
எந்த ஊரில் எவள் உட்கார்ந்து?

ரப்பர் செருப்பைப் போட்டேன்.
பாவாடையில் கையைத் துடைத்தேன்.
சுவிட்சை அணைத்துப்
பிளக்கைப் பிடுங்கினேன்.

விபினின் குரல் நடுவாக்கியத்தில் நின்றது.
காதுப்பொறியைக் கழற்றினால்
இவ்வளவு மழையா!

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாலு.
நாலு.
ஏழு.
ஒவ்வொரு வெட்டுக்கும் சிடி பளிச்சென்று சுழன்றது,
மூணாவது மரத்தில் ஜெஸ்டின் போட்ட சாய்வுக்கோடும்
கோடு முடியும் இடத்தில்
நிறைந்து வழிகிற சிரட்டையும் தெரிந்தன.
பதிமூன்று.
எண்ணுவதற்காகத்தான் பார்த்தேன்,
பார்ப்பதற்காக இல்லை.
இருபது வரை எண்ண முடிந்தபோதுதான்
கண்ணில் எரிச்சல் அடங்கியிருந்தது தெரிந்தது.

நாலு மணிக்கு
தலைவிளக்கைக் கையில் எடுத்தவன்
கதவைத் திறந்து கையை நீட்டிப் பார்த்தான்.
"இன்னைக்கு வெட்டில்ல."
யாரிடமும் கேட்கவில்லை.
விளக்கை ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டான்.

அதைப் பார்த்துத்தான்
கறண்டு போச்சு என்று அடித்திருந்ததை அழித்துவிட்டு
விபினுக்கு எழுதினேன்:
இடி. பிளக்கை நான்தான் எடுத்தேன்.

நீலக்கோடு ரெண்டு விழுந்தது.
பதில் இல்லை.

நாளைக்கு நூற்று முப்பத்தாறு.
துவர்த்தைச் சுருட்டிக்
கழுத்துக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.