ஒன்றேகால்

படிப்புக்குக் கால்,
பந்துக்குக் கால்,
தேவாலய நிலவறைக்குக் கால்,
கடவுளுக்கு மிச்சமிருக்கிற கால்.
கூட்டினால் ஒரு நாள் சரியாகிவிடுகிறது.
தூக்கத்தை எங்கே எழுதுவது?
ஹெல்மி கோஸ்கெலாவின் கணக்கில்
நாள் என்பது எப்போதும் ஒன்றேகால்.

டுலூத்தில் அக்டோபர்.
ஏரியிலிருந்து ஏறிவரும் காற்று
கார்னர் கொடியைத் தரையோடு படுக்கவைக்கிறது.
சட்டை எண் மூன்று, இடது பின்காப்பு.
வியாழக்கிழமைகளில்
பயிற்சி முடிய இருபது நிமிடம் இருக்கும்போதே
மைதானத்தைக் குறுக்கே கடந்து போவாள்.
ரென்னர் எதுவும் சொல்வதில்லை,
கைக்கடிகாரத்தை மட்டும் பார்ப்பார்.
அந்தப் பார்வைக்குச் சனிக்கிழமை வேறு பெயர்:
பெஞ்ச்.

பேருந்தில் எலும்புகள்.
வெள்ளி காலை எட்டுக்குத் தேர்வு.
ஒரு பாதத்தில் இருபத்தாறு.
குதியெலும்பு, படகெலும்பு, ஆப்பெலும்பு மூன்று…
கனசதுரம் மட்டும் ஒவ்வொரு முறையும்
லேக் அவென்யூ திருப்பத்தில்
நழுவி விழுந்துவிடுகிறது.

நிலவறையில் பத்து நாற்காலி, பத்துத் தொட்டி,
வெந்நீர், உப்பு, நகவெட்டி,
போன டிசம்பரில் யாரும் கழற்றாத ஒரு காகித நட்சத்திரம்.
நடந்தே பகலைத் தீர்ப்பவர்கள்
வரிசையாக வந்து பூட்ஸைக் கழற்றுகிறார்கள்.
முதல் வாரம் வாயால் மூச்சுவிட்டாள்.
இப்போது மூக்கால்.
தன் விசுவாசம் வளர்ந்ததற்கு
அவளிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

இந்த வியாழன் நாலாவது நாற்காலியில்
அவள் வயதுப் பெண் ஒருத்தி.
காலுறை ஈரத்தில் ஊறித் தோலோடு ஒட்டியிருந்தது.
நனைத்து, பொறுத்து, உரித்தபோது
வலது கணுக்காலில் பிறை மாதிரி ஒரு தழும்பு.
நிமிர்ந்து பார்த்தாள்.
டெஸா ஓக்ரென்.
மூன்று வருஷம் முன்பு, பள்ளி அரையிறுதி,
எதிரணியின் ஒன்பதாம் எண்.

பந்தைத்தான் குறிவைத்தேன் என்று
அன்றைக்கு நடுவரிடம் சொன்னாள் ஹெல்மி.
நடுவர் நம்பினார்.
அதே வாக்கியத்தை ஜெபத்தில்
ஒருமுறைகூட அவள் சொல்லிப் பார்த்ததில்லை.

"டெஸா, அந்தக் கணுக்கால்… நான்தான்."

டெஸா குனிந்து
வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.
"இதுவா? இது அம்மா வீட்டுப் படிக்கட்டு.
நீ அடிச்சது இந்தக் கால்" என்று
இடதைத் தண்ணீர் சொட்டத் தூக்கிக் காட்டினாள்.
அதில் ஒன்றுமே இல்லை.
"ரெண்டே வாரத்தில் சரியாயிடுச்சு.
தண்ணி ஆறுது பார்."

எடுத்துவந்த மன்னிப்பை
எங்கே இறக்கிவைப்பதென்று தெரியவில்லை.
துவாலையோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.
விரலிடுக்கில் வெண்மையாய்ச் சிதைந்த தோல்,
பெருவிரலில் தன்னுடையது போலவே கறுத்த நகம்.
கொஞ்ச நேரம்
ரென்னர் இல்லை, இருபத்தாறு இல்லை,
சொல்ல வேண்டிய ஜெபமும் இல்லை.
கையில் இருந்தது
ஒன்றே கால்.

"இன்னும் ஆடுறியா?"
"சனிக்கிழமை. அநேகமா பெஞ்சில்."
"உன்னையா? பைத்தியமா உன் கோச்சுக்கு?"
பிறகு குரலைத் தாழ்த்தி,
"காலுறை ரெண்டு ஜோடி தருவாங்களா?
வேன்ல இன்னொருத்தி இருக்கா."

தேர்வில் இருபத்திமூன்று சரி.
கனசதுரம் அந்த மூன்றில் ஒன்று.
சனிக்கிழமை கடைசிப் பதினொரு நிமிடம் இறக்கிவிட்டார்கள்,
ஒன்றுக்கு இரண்டில் தோல்வி.
ஞாயிறு, மூன்றாம் வரிசை,
காணாமற்போன காசைப் பற்றிப் போதகர்
பேசத் தொடங்கியதும்
பாட்டுப் புத்தகத்தில் கன்னம் பதிய
அவள் தூங்கிப்போனாள்.
பக்கத்திலிருந்தவர்
எழுப்பக் கை எடுத்தார்,
என்ன நினைத்தாரோ,
அவள் கோட்டை இழுத்து
முழங்காலை மூடிவிட்டார்.