இருபத்தேழாம் இலக்கம்

"போடியார்ர சாமான் ஏலம். துவக்கும் இருக்காம்"
தயிர் எடுக்க வந்த பொடியன்தான் சொன்னான்.
ஒரு நாகு வித்தேன்.
காசைக் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்து
தாந்தாமலையிலிருந்து முதல் பஸ்.

அரசடித்தீவு வீடு
எல்லாக் கதவையும் திறந்துகொண்டு நின்றது.
அவர் இருந்த காலத்தில்
நெல் அளக்கும் பக்கத்தோடு நாங்கள் சரி.
இன்றைக்கு அவருடைய கட்டிலில் குந்தி
கால் ஆடுகிறதா என்று பார்க்கிறோம்.

நோர்வேயிலிருக்கும் மகளை
யாரோ போனில் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.
அங்கே இன்னும் விடியவில்லை.
போர்வைக்குள்ளிருந்து அவள்
வீட்டின் விலையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏறாவூர் கபூர்தீனுக்குக் குரல் பெரிது.
செப்புக் கிடாரம் போனது.
முதிரை அலுமாரி போனது.
ஓடாத மணிக்கூட்டுக்குத்தான் சண்டை.

"இருபத்தேழு! துவக்கு!"
படலையில் தேத்தண்ணி குடித்த சார்ஜன் பண்டார
கோப்பையை மதிலில் வைத்தார்.
யார் யார் சோளன் போட்டவர்கள் என்று
முகத்தைப் பார்த்தே சொல்லலாம் அப்போது.

பெட்டி வந்தது.
தோல் பிடி, பித்தளைப் பூட்டு.
உள்ளே பச்சை வெல்வெட்.
வெல்வெட்டில் ஒரு பள்ளம்,
குழல் நீளத்துக்குக் குழல்,
கட்டை அகலத்துக்குக் கட்டை.
துவக்கு இல்லை.

ஒரு ரசீது இருந்தது.
தொண்ணூறு, ஆனி.
இரட்டைக் குழல் ஒன்று, தோட்டா பதினாறு,
பெற்றுக்கொண்டேன்.
பெற்றுக்கொண்டது யாரென்று
சார்ஜன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பொலிசா, ஆமியா, இயக்கமா,
கிறுக்கலில் ஒன்றும் பிடிபடவில்லை.
அதை வாய்விட்டுக் கேட்கும் பழக்கம்
முற்றத்தில் ஒருவருக்கும் இல்லை.
பண்டிக்கென்று வாங்கிய துவக்கு
பிறகு எதையெதைப் பார்த்து நின்றதோ.

போனுக்குள்ளிருந்து குரல்:
"அப்பா அதைக் கேட்டுப் பன்னிரண்டு கடிதம் எழுதினவர்."

கபூர்தீன் தளரவில்லை.
"பெட்டி சீமைப் பெட்டி! ஐயாயிரம்!"
எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.
சிரித்த வாயாலேயே "ஆறு" என்றேன்.

ஏனென்று மனிசன் இன்னும் கேட்கிறார்.
நாகு வித்த காசோடு
வெறுங்கையாய்த் திரும்ப மனமில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
பாதி உண்மை.

பஸ்ஸில் அது என் மடியில் நீளமாய்க் கிடந்தது.
பக்கத்து மனிசி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள்.
கொண்டக்டர், கேட்காமலே,
மிச்சக் காசைத் தந்தான்.

அன்றிரவும் பண்டி இறங்கியது.
தகரம் தட்டினோம்.
பிறகு யானை.
வெடி மூன்று இருந்தது, இரண்டு ஈரம்.
பரணில் இருந்தபடி மனிசன் சொன்னார்:
"ரசீதைக் காட்டுகா, போகும்."

மாரிக்கு முன்னம்
விதைச் சோளனை அந்தப் பள்ளத்தில் கொட்டினேன்.
அளவெடுத்தது போல் நிறைந்தது.
மஞ்சளாய் ஒரு துவக்கு
மூடியைத் திறக்கும்போதெல்லாம் கிடந்தது.
எலி விசைப்பக்கத்தால் தின்னத் தொடங்கியது.
மிஞ்சியதை விதைத்தேன்.
முளைத்ததில் பாதியை மயில் பிடுங்கியது.

நேற்று,
ஒன்பதாம் வகுப்புக்காரி ரஜிதாவை இருத்தி
கச்சேரிக்குப் பதின்மூன்றாவதை எழுதுவித்தேன்.

ஐயா,
ஒப்படைத்தவர் காலமாகிவிட்டார்.
பெட்டி என்னிடம் உள்ளது.
துவக்கு அகப்பட்டால் அறியத்தரவும்.
எங்களுக்குப் பண்டித் தொல்லை.

விலாசம் எழுதும் இடத்தில்
பிள்ளை பேனையை நிறுத்தினாள்.
எழுது என்றேன்:
பஸ் திரும்பும் மருத மரத்துக்கு அங்கால்,
மின்சார வேலி அறுந்த இடம்.